பிரண்டைக் கொடி: வளர்ப்பும் பயனும் எச்சரிக்கையும்

"பெற்ற வயிற்றுக்குப் பிரண்டையைத்தான் வைத்துக் கட்ட வேண்டும்" என்று, பிள்ளைகளால் மனம் நொந்த தாய்மார் கூறக் கேட்டிருப்போம். அப்பழமொழியில் உள்ள வேதனை நமக்குப் புரிகிறது. அதனுள் அடங்கியிருக்கும் தாவர அறிவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பச்சைப் பிரண்டை உடம்பில் பட்டால் அரிக்கும், எரியும். அதைத் தெரிந்தே வயிற்றில் கட்டிக்கொள்வேன் என்கிறாள் தாய். அதே பிரண்டையை நல்லெண்ணெயில் வதக்கிப் புளி சேர்த்து அரைத்துவிட்டால், சுடுசோற்றுக்கு அதைவிடச் சிறந்த துவையல் வேறில்லை என்பவளும் அவளே.

ஒரு கொடியின் தீமையையும் நன்மையையும் இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தவர்கள் நம் பாட்டிமார். லயத்து வீட்டின் பின்புற வேலியில் பிரண்டை படர்ந்திருந்த காலத்தில் இவ்வறிவைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. 1980ஆம் ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. கொடி பல இடங்களில் உடன் வரவில்லை. வந்த இடங்களிலும் அதைப் பற்றிய அறிவு பாதியாகவே வந்து சேர்ந்தது. பாதி அறிவு ஆபத்தானது. ஆதலால், பிரண்டையை வளர்க்கும் முறையையும் பயன்படுத்தும் முறையையும், அதனிடம் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கொடியின் இயல்பு

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், 1767ஆம் ஆண்டு இதற்குச் 'சிசஸ் குவாட்ராங்குலாரிஸ்' என்று பெயர் சூட்டினார். நாற்கோண வடிவுடையது என்பது அப்பெயரின் பிற்பகுதிக்குப் பொருள். இந்தியா, இலங்கை, அரேபியா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் வறண்ட நிலங்களே இதன் தாயகம். தமிழில் வச்சிரவல்லி என்ற பெயரும் இதற்கு உண்டு. நாற்கோணப் பிரண்டையே பெருவழக்கு. முப்பிரண்டை, உருட்டுப் பிரண்டை முதலிய வேறு வகைகளும் உள்ளன.

இதன் தண்டு சதைப்பற்று மிக்கது, கணுக்கணுவாக அமைந்தது. கணுவுக்குக் கணு சிறுத்து, இடையில் பருத்து, நான்கு விளிம்புகளுடன் காணப்படும். இலைகள் சிறியவை, மழையில் தளிர்த்து, வறட்சியில் உதிர்ந்துவிடும். இலையற்ற கொடியைக் கண்டு அது பட்டுவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் உண்டு. அது தவறு. இலை போனாலும் பச்சைத் தண்டே உணவு தயாரிக்கும் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அவ்வேலையை அது செய்யும் விதம் வியப்புக்குரியது. சாதாரணச் செடிகள் பகலில் தம் நுண்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உள்ளிழுக்கின்றன. அப்போது அவற்றின் உள்ளேயிருக்கும் நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. பிரண்டைத் தண்டோ வெயில் தணிந்த இரவு நேரத்தில் துளைகளைத் திறந்து அவ்வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து வைத்துக்கொள்கிறது. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை வெயிலின் துணையால் உணவாக்கிக்கொள்கிறது. நீரைச் சிக்கனமாகச் செலவிட இயற்கை கற்பித்த வழி இது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டின் சராசரி மழை 1,000 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தீபகற்ப மலேசியாவிலோ அது 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். வறட்சியைத் தாங்கப் பிறந்த கொடியை நாம் மழை நாட்டில் வளர்க்கிறோம். இந்நாட்டில் பிரண்டை தண்ணீர் இல்லாமல் மடிவது அரிது. தண்ணீர் மிகுந்து அழுகி மடிவதே வழக்கம். பின்வரும் வளர்ப்பு முறைகள் யாவும் இந்த ஓர் உண்மையைச் சுற்றியே அமைந்தவை.

சரியான கொடியை இனங்காணுதல்

நடுவதற்குமுன் கையிலிருப்பது பிரண்டைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பழக்கமில்லாத கண்ணுக்குப் பிரண்டையைப் போலத் தோன்றக்கூடும். சதுரக்கள்ளிக்கு விளிம்புகளில் முள் உண்டு. திருகுகள்ளி பென்சிலைப் போன்ற உருண்ட, பச்சை நிறக் குச்சிகளாகக் கிளைக்கும். மலாய் மொழி வழங்கும் நம் வட்டாரத்தில் திருகுகள்ளியைப் 'பத்தா துலாங்' என்று அழைப்பதுண்டு. எலும்பு முறிவு என்பது அதன் பொருள். அப்பெயரைக் கேட்டு, "எலும்புக்கு ஏற்ற செடி இதுதான்" என்று எண்ணி வாங்கி வந்துவிட்டால் பெருந்தீங்கு நேரும்.

வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தண்டின் நுனியை ஒடித்துப் பாருங்கள். பிரண்டையானால் தெளிந்த நீர் கசியும். கள்ளியானால் வெண்மையான பால் வடியும். ரப்பர் மரம் சீவிய கைகளுக்கு வெண்பால் என்பது பிழைப்புக்கு வழி; கள்ளியின் வெண்பாலோ நஞ்சு. தோலில் பட்டால் கொப்புளம் எழும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். அவ்வாறு கண்ணில் பட்டுவிட்டால் உடனே சுத்தமான நீரால் 15 முதல் 20 நிமிடம் வரை இடைவிடாது கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றோர் அடையாளம் பற்றுக்கம்பி. திராட்சைக் கொடிக்கு இருப்பதைப் போலவே, பிரண்டையின் கணுவிலும் இலைக்கு எதிர்ப்புறத்தில் சுருள் சுருளான பற்றுக்கம்பி தோன்றும். கள்ளி வகைகளுக்கு அது கிடையாது.

நடவு முறை

பிரண்டையை விதையிலிருந்து வளர்க்க வேண்டிய தேவையில்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு துண்டு பெற்றுக்கொண்டாலே போதும். மிக இளசாகவும் மிக முற்றியும் இல்லாத, பென்சிலை விடச் சற்றுப் பருத்த தண்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று கணுக்கள் இருக்குமாறு, ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்திற்குக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகிவிடாமல் இருக்கும்.

வெட்டிய துண்டை உடனே நடக் கூடாது. நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் 2 அல்லது 3 நாள் கிடத்தி வையுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் போல மூடிக்கொள்ளும். பச்சை வெட்டுவாயுடன் ஈரமண்ணில் ஊன்றினால், வேர் பிடிக்குமுன் அழுகல் பிடித்துவிடும். பலருக்குப் பிரண்டை 'கைராசி இல்லாமல்' போவதற்கு இதுவே காரணம்.

தரையில் நடுவதானால் நீர் தேங்காத மேட்டு நிலம் வேண்டும். வாய்க்கால் ஓரமும் கூரைத் தண்ணீர் வழியும் இடமும் ஆகா. மண் களிமண்ணாக இருந்தால் ஓர் அடி உயரத்திற்கு மேடு கட்டுங்கள். தோட்டத்து மண், ஆற்று மணல், நன்கு மக்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து மேடு அமைப்பது நலம். ஒரு கணு மண்ணுக்குள்ளும் மற்றவை வெளியிலும் இருக்குமாறு துண்டை ஊன்றுங்கள். வேர் புறப்படுவது கணுவிலிருந்தே. நட்ட அன்று சிறிதளவு நீர் தெளித்தால் போதும். இரண்டு, மூன்று வாரங்களில் வேர் பிடித்து, மேற்கணுவில் துளிர் காணும்.

வெயில், நீர், உரம்

நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரமாவது வெயில் படும் இடம் ஏற்றது. முழு நிழலில் கொடி நீண்டு மெலிந்து வெளிறிவிடும். மழைக்காலத்தில் நீர் ஊற்றவே வேண்டாம். வெயில் காலத்தில் விரலை மண்ணுக்குள் செலுத்திப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழம் வரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை போதுமானது. தண்டு சற்றுச் சுருங்கினால் அது தாகத்தின் அறிகுறி. ஊற்றியதும் மீண்டும் பருத்துக்கொள்ளும். மாறாக, அடித்தண்டு மஞ்சளாகிக் கொழகொழத்தால் அது அழுகலின் அறிகுறி. அதற்கு ஊற்றிப் பயனில்லை.

உரத்திலும் சிக்கனம் தேவை. மூன்று அல்லது நான்கு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கை மக்கிய எரு இட்டால் போதும். யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை மிகுதியாக இட்டால் தண்டு நீர் கோத்து மென்மையாகி, பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இரையாகும்.

கொடி ஏற்றுதல்

பிரண்டையின் பற்றுக்கம்பி மெல்லியது. அதனால் வழுவழுப்பான சுவரையும் பருத்த தூணையும் பற்ற முடியாது. கம்பி வேலி, மூங்கில் குச்சி, கயிற்று வலை ஆகியவையே அதற்கு ஏற்றவை. சதைப்பற்றுள்ள கொடியாதலால் வளர வளரக் கனம் மிகும். ஆகவே தாங்கும் கொம்பு உறுதியாக இருக்க வேண்டும். கூரையின் மீதும் மின்கம்பியின் மீதும் ஏற விடாதீர்கள். பழமரத்தில் ஏறவிட்டால் அடர்ந்து படர்ந்து மரத்தின் வெளிச்சத்தை மறைத்துவிடும். ஓர் ஆள் உயரத்திற்குள் நுனிகளைக் கிள்ளி வந்தால் கொடி பக்கங்களில் கிளைக்கும். சமையலுக்கு வேண்டிய இளந்தண்டும் தொடர்ந்து கிடைக்கும்.

பூச்சியும் நோயும்

கணுக்களின் இடுக்கில் வெண்பஞ்சு போலக் காணப்படுவது மாவுப்பூச்சி. பழைய பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்தெடுத்து, மறுபடியும் நல்ல நீரால் கழுவுங்கள். நத்தைகள் இளந்துளிரைத் தின்னும். மாலையிலும் அதிகாலையிலும் பார்த்துப் பொறுக்கி அகற்றலாம். அடித்தண்டு அழுகினால், அழுகலுக்கு வெகு மேலே, நலமான பகுதியில் வெட்டி, முன் கூறியபடி உலர்த்திப் புதிய இடத்தில் நடுங்கள். பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

உண்ணும் கொடிக்குப் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தோட்டங்களில் வாழ்வோருக்கு மேலும் ஒரு வேண்டுகோள். செம்பனைக் காட்டின் ஓரங்களிலும் சாலையோரங்களிலும் தானாக வளர்ந்திருக்கும் பிரண்டையைப் பறித்து வராதீர்கள். அங்கே களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டுள்ளது. எனினும் வேறு களைக்கொல்லிகள் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் சில செடிக்குள் ஊடுருவிப் பரவும் தன்மையுடையவை, கழுவினாலும் போகா. மருந்து இருந்த தோம்பை வெட்டித் தொட்டியாக்குவதும் அதே காரணத்தால் ஆகாது.

அடுக்குமாடி வீட்டில்

மண் தரை இல்லையே என்று வருந்த வேண்டாம். 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டி ஒன்றே போதும். அடியில் நான்கைந்து துளைகளிட்டு, உடைந்த செங்கல் துண்டுகளை இரண்டு அங்குலம் பரப்பி, அதன் மேல் முன் சொன்ன மண் கலவையை நிரப்புங்கள். வெயில் வரும் மாடத்தில் வைத்து மூன்று மூங்கில் குச்சிகளை ஊன்றிவிட்டால் கொடி அதில் ஏறிக்கொள்ளும். தொட்டி கீழே விழாதபடி உட்புறமாக வைப்பது அவசியம்.

தொட்டியின் அடியில் தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீர் பிரண்டைக்கு அழுகலையும் வீட்டாருக்கு டிங்கிக் காய்ச்சலையும் கொண்டுவரும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களே போதும். தட்டு வைத்தே ஆக வேண்டுமெனில் வாரம் ஒரு முறையேனும் நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் கொசு வளர இடமளிப்பது, 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பறித்தலும் சமைத்தலும்

நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரையுள்ள, ஒடித்தால் 'படக்'கென்று முறியும் இளந்தண்டே சமையலுக்கு உகந்தது. முற்றிய தண்டில் நார் மிகுதி, அரிப்பும் மிகுதி. பிரண்டையின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட்டு என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக அமைந்திருக்கிறது. அவ்வூசிகள் தோலிலும் நாக்கிலும் தைப்பதாலேயே அரிப்பு உண்டாகிறது. எனவே பச்சையாக ஒருபோதும் தின்னக் கூடாது. சாறு பிழிந்து குடிப்பதும் கூடாது.

கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, கணுக்களை ஒடித்து நீக்கி, நான்கு விளிம்புகளிலும் உள்ள நாரை உரித்தெடுங்கள். சிறு துண்டுகளாக்கி, தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, பச்சை நிறம் மாறிச் சுருங்கும்வரை இளந்தீயில் வதக்குங்கள். இதில் அவசரம் கூடாது. அரைகுறையாக வதங்கிய பிரண்டை நாக்கைப் பதம் பார்த்துவிடும். உளுத்தம் பருப்பு, காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வறுத்துச் சேர்த்து, நெல்லிக்காயளவு புளியும் உப்பும் வைத்து அரைத்தால் துவையல் தயார். எண்ணெயும் புளியும் அரிப்பைப் பெரிதும் அடக்குகின்றன. நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு ஒரு கைப்பிடித் தண்டு போதும். அப்பளத்திற்கு மாவு பிசையும்போது பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கமே.

சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதைத் தவிர்ப்பது நலம். கருவுற்ற தாய்மாரும், நீரிழிவுக்கும் பிற நோய்களுக்கும் தொடர்ந்து மருந்து உண்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரண்டைப் பொடி, மாத்திரை என்று விற்கப்படுபவற்றை வாங்குவோர், உறையின் மீது 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் அரசாங்கப் பதிவெண் உள்ளதா எனப் பார்த்து வாங்குங்கள்.

எலும்பும் பிரண்டையும்

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, லயத்துப் பின்புறமிருந்த கொய்யா மரத்திலிருந்து விழுந்தேன். இடது முழங்கை வீங்கிவிட்டது. என் பாட்டி பிரண்டையை இடித்து வதக்கி, துணியில் பொதிந்து கையில் வைத்துக் கட்டினார். சில நாட்களில் வீக்கம் வடிந்தது, வலியும் குறைந்தது. அனைவரும் மகிழ்ந்தோம். மூன்று வாரங்கள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது எலும்பு கூடித்தான் இருந்தது. ஆனால், கோணலாகக் கூடியிருந்தது. இன்றும் என் இடக்கையை முழுமையாக நீட்ட இயலாது.

பாட்டியின் மீது எனக்குக் குறையில்லை. அவருக்குத் தெரிந்ததை அன்போடு செய்தார். பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றபோதுதான் ஓர் உண்மையை உணர்ந்தேன். உடைந்த எலும்பு தானாகவே கூடும் இயல்புடையது. அது நேராகக் கூடுமாறு நிறுத்தி வைப்பதே வைத்தியத்தின் முதல் வேலை. உள்ளே எலும்பு எப்படி விலகியிருக்கிறது என்பதை ஊடுகதிர்ப் படமே காட்டும். பிரண்டையால் அதைக் காணவும் முடியாது. விலகியதை நேராக்கவும் முடியாது.

பிரண்டைக்கு எலும்பைக் கூட்டும் ஆற்றல் உண்டென்பது நம் முன்னோரின் நம்பிக்கை. வடமொழியில் இதன் பெயரே எலும்பைப் பிணைப்பது என்று பொருள்படும். அந்நம்பிக்கையை ஆய்வாளர்கள் புறக்கணிக்கவுமில்லை. 1960ஆம் ஆண்டுகளில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடுப்பா, பிரசாத் ஆகிய மருத்துவ அறிஞர்கள் விலங்குகளிடம் சோதனைகள் நடத்தி, பிரண்டை முறிவு ஆறுவதை விரைவுபடுத்துவதாக எழுதினர். அதன் பிறகும் ஆய்வுகள் தொடர்கின்றன. ஆயினும், மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பதிலாகப் பிரண்டையை வைத்துக் கட்டலாம் என்று அந்த ஆய்வுகள் கூறவில்லை.

எனவே பெற்றோர்களே, பிள்ளை விழுந்து அடிபட்டால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். இழுத்து நேராக்க முயலாதீர்கள். கை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே அசையாதவாறு பலகைத் துண்டோ மடித்த செய்தித்தாளோ வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மயக்க மருந்து தேவைப்படலாமாதலால் உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 999 என்ற எண்ணை அழையுங்கள். விரல்கள் குளிர்ந்தோ நீலம் பாய்ந்தோ காணப்பட்டால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

மாவுக்கட்டுப் போட்டுப் பிள்ளையை வீட்டிற்கு அழைத்து வந்த பிறகு, பாட்டி ஆசையாகத் துவையல் அரைத்துக் கொடுக்கட்டும். பிள்ளையும் சோற்றில் பிசைந்து உண்ணட்டும். அதற்குத் தடையேதும் இல்லை.

இந்த மாதமே ஒரு துண்டு பிரண்டையை நட்டு வையுங்கள். நடும்போது பிள்ளைகளையும் அருகே அழைத்து, தண்டை ஒடித்துக் காட்டுங்கள். தெளிந்த நீர் கசிந்தால் பிரண்டை, வெண்பால் வடிந்தால் கள்ளி என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். பற்றுக்கம்பியையும் கணுவையும் தொட்டுப் பார்க்கட்டும். பார்த்த பின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். லயத்து வேலியோரத்தில் நமக்குக் கிடைத்த பாடம், மாடத்துத் தொட்டியின் வழியாக அவர்களுக்குக் கிடைக்கட்டும்.